இருபதாயிரம் பேர் நடுவில் ஒரு மனசாட்சி

கென்ட்ரிக் லமாரின் ‘பிக் ஸ்டெப்பர்ஸ்’ இசைப் பயணம்: கூட்டத்தை ஆடவைக்கப் பிறந்த ராப் மேடையில் ஒரு மனிதன் தன்னைத்தானே விசாரித்த இரவு

2022 அக்டோபர் 22, சனிக்கிழமை. பாரிஸ் நகரின் பெர்சி பகுதியில் இருக்கும் அக்கோர் அரீனாவில் கால் வைக்க இடமில்லை. ஏறக்குறைய 20,000 பேர். தன்னா லியோனும் பேபி கீமும் முதலில் பாடி அரங்கைச் சூடேற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். விளக்குகள் அணைகின்றன. ராப் கச்சேரியில் அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வெடிச் சத்தம், புகை, நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பேஸ், ‘கையைத் தூக்குங்கள்’ என்ற கட்டளை. அன்று வந்தது வேறு.

மேடை முழுக்க வெள்ளை. கோட் சூட் அணிந்த ஆண்கள் சிப்பாய்களைப் போல அடியெடுத்து வருகிறார்கள். ஒரு பியானோ. அதன் முன்னால் கென்ட்ரிக் லமார். ஒரு கையில் கற்கள் மின்னும் கையுறை. மைக்கேல் ஜாக்சனின் கையுறையைப் பார்த்தவர்களுக்கு உடனே அது நினைவுக்கு வரும். கூடவே ஒரு பொம்மை. மேஜிக் நிகழ்ச்சிகளில் கலைஞரின் கையில் உட்கார்ந்து வாயசைத்துப் பேசுமே, அந்த மாதிரி பேசும் பொம்மை. அது போட்டிருப்பதும் அவர் போட்டிருக்கும் உடையேதான். அவர் பாட, அது வாயசைக்கிறது. பாடுவது யார், பாடவைப்பது யார் என்ற கேள்வியை முதல் பாட்டிலேயே பார்வையாளர்முன் வைத்துவிடுகிறார்.

பிறகு ஒரு பெண் குரல். ‘தி குவீன்’ படத்தில் இரண்டாம் எலிசபெத் ராணியாக நடித்து ஆஸ்கர் வென்ற ஹெலன் மிர்ரனின் குரல். மனநல ஆலோசகராக, நிதானமாக, கொஞ்சம் கண்டிப்போடு பேசுகிறது. பாட்டுக்குப் பாட்டு நடுவே வந்து அவரை உரசிப் பார்க்கிறது. அகந்தை தலைக்கேறிவிட்டது என்று எச்சரிக்கிறது. நம் தெருக்கூத்தில் ராஜாவேஷம் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்தாலும் கட்டியங்காரன் ஒரு கேள்வி கேட்டு அவரைத் தரைக்கு இறக்கிவிடுவான். அந்த வேலையைத்தான் இந்தக் குரல் செய்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே சிரிப்புக்கு இடமில்லை.

உலகத்தின் ஆகப் பெரிய ராப் கலைஞர்களில் ஒருவர், ரசிகர்கள் பெரும் பணம் கொடுத்து வந்திருக்கும் ஓர் இரவில், தன்னை நோயாளியின் நாற்காலியில் உட்காரவைக்கிறார். அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தபோது எனக்கு உறுதியான ஒன்று உண்டு. அகத்தைப் பாடும் கலை தனியறைக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஒருவர் தன் குறையைச் சாட்சிகளின் முன் சொல்லும்போதுதான் அதற்கு முழு எடை வருகிறது.

காம்ப்டன் முதல் புலிட்சர் வரை

கென்ட்ரிக் லமார் டக்வொர்த் 1987 ஜூன் 17 அன்று கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் பிறந்தவர். சிகாகோவின் கும்பல் சண்டைகளிலிருந்து தப்பி 1984இல் அங்கே குடிவந்தவர்கள் அவருடைய பெற்றோர். வந்த இடமும் அமைதியான இடமல்ல. 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழு தன் ஆல்பத்தின் பெயரிலேயே காம்ப்டனை உலகத்துக்கு அறிவித்தது. துப்பாக்கி, போதை, போலீஸ் என்று அந்த ஊருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ஐந்து வயதிலேயே ஒரு கொலையைக் கண்ணால் பார்த்ததாகக் கென்ட்ரிக் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எட்டு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, டூபாக் ஷகூரும் டாக்டர் டிரேயும் தங்கள் ஊரில் பாடல் காட்சி எடுப்பதைப் பார்த்ததையும் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் திக்கிப் பேசிய பையன் அவர்.

2012 அக்டோபர் 22 அன்று ‘குட் கிட், மேட் சிட்டி’ வெளிவந்தது. அட்டையிலேயே ‘கென்ட்ரிக் லமாரின் குறும்படம்’ என்று போட்டுக்கொண்டது அந்த ஆல்பம். ஒரு பதின்வயதுப் பையன் நண்பர்களோடு அம்மாவின் வேனில் சுற்றும் ஒரு நாள், கொலையிலும் பிரார்த்தனையிலும் போய் முடிகிறது. பாரிஸ் இரவுக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அந்த ஆல்பத்தின் பத்தாவது ஆண்டு நிறைவு அன்றுதான். நிகழ்ச்சி அமேசான் பிரைம் வீடியோவில் நேரலையாகவும் போனது.

2015இல் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’, 2017இல் ‘டேம்’. 2018 ஏப்ரலில் ‘டேம்’ ஆல்பத்துக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 1943 முதல் கொடுக்கப்பட்டுவரும் அந்தப் பரிசு செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே போனது அதுவே முதல் முறை. ‘டேம்’ வந்தபிறகு அவர் ஒதுங்கினார். ‘பிளாக் பாந்தர்’ படத்துக்கான பாடல் தொகுப்பு, சில கூட்டுப் பாடல்கள் தவிர அவரிடமிருந்து தனி ஆல்பம் வரவில்லை. ஒரு தலைமுறையின் குரல் என்று உலகம் அவரைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த காலம் அது. 2020இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டு அமெரிக்கத் தெருக்கள் கொதித்தபோது, அவர் ஏன் பேசவில்லை என்று கேட்டவர்கள் ஏராளம்.

2022 மே 13 அன்று ‘மிஸ்டர் மோரால் அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்’ வந்தது. முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் இடையில் 1,855 நாள். அந்த எண்ணையே முதல் பாட்டில் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். அத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்குப் பதிலாகத்தான் ஆல்பம் முழுவதும் விரிகிறது.

ஆடவைக்கும் கலையும் அழவைக்கும் உண்மையும்

ஹிப்-ஹாப் பிறந்தது கொண்டாட்டத்தில். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தின் பொது அறையில் டி.ஜே. கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டுவது அவருடைய கண்டுபிடிப்பு. மைக் பிடித்தவரின் வேலை ஆடுகிறவர்களை உசுப்பேற்றுவது. ராப் அந்த உசுப்பேற்றலிலிருந்து வளர்ந்தது. எனவே மேடையில் ராப் என்றால் இன்றும் முதல் எதிர்பார்ப்பு சக்தி, வேகம், கூட்டத்தை ஆட்டுவிக்கும் திறமை. ‘என்னைப்போல் எவன் இருக்கிறான்’ என்ற மார்தட்டல் அந்தக் கலையின் மூச்சு.

தன்னுள்ளே பார்க்கும் ராப்பும் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் ‘த மெசேஜ்’, வறுமை ஒரு மனிதனை விளிம்புக்குத் தள்ளுவதைப் பாடியது. 1991இல் கெட்டோ பாய்ஸ் குழு, வெளியே முரடனாகத் திரிகிறவனின் தூக்கம் வராத இரவுகளையும் மனப்பிரமைகளையும் பாடியது. 1995இல் டூபாக் தன் அம்மாவுக்குப் பாடினார். ஹெட்ஃபோனில் கேட்கும்போது இவை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அரங்குக்கு வந்ததும் சிக்கல் தொடங்கும். கூட்டத்துக்குக் குதிக்க வேண்டும். பாட்டு யோசிக்கச் சொல்கிறது.

இந்தச் சிக்கலுக்கு ‘ஸ்விம்மிங் பூல்ஸ்’ பாட்டைவிடச் சரியான உதாரணம் கிடையாது. 2012இல் வெளிவந்த நாளிலிருந்து அது குடித்துக் கொண்டாடும் பாட்டாகவே மதுக்கூடங்களில் ஒலிக்கிறது. சொல்வதோ நேர்மாறு. குடியில் மூழ்கிய குடும்பத்தில் வளர்ந்தவனின் பாட்டு அது. நடுவில் குரல் மாறி, அவனுடைய மனசாட்சியே வந்து பேசும்: இப்படியே போனால் செத்துப்போவாய். பெர்சியில் அந்தப் பாட்டு ஆரம்பித்த நொடியில் பிளாஸ்டிக் கோப்பைகள் உயர்ந்தன. எனக்கு முன்னால் நின்ற பிரெஞ்சு இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் பல்லவியைக் கத்தினார்கள். மனசாட்சி பேசும் வரிகள் வந்தபோதும் கத்தல் நிற்கவில்லை. ஆனால் அந்த வரிகளும் அவர்களுக்கு மனப்பாடம். கேட்காமல் கொண்டாடுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தான் மனப்பாடமாகியிருக்கும். கொண்டாட்டமும் குற்றவுணர்வும் ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் வரும் அந்தக் கணத்தை ஹெட்ஃபோனில் கேட்க முடியாது.

நிழலும் கண்ணாடிப் பெட்டியும்

பயணம் 2022 ஜூலை 19 அன்று ஓக்லஹோமா சிட்டியில் தொடங்கி டிசம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முடிந்தது. 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கென்ட்ரிக்கும் அவருடைய நீண்டநாள் கூட்டாளி டேவ் ஃப்ரீயும் 2020இல் தொடங்கிய பிஜிலாங் நிறுவனத்தின் கைவண்ணம் இது. நடன அமைப்பு சார்ம் லடோனா. இவ்வளவு பணம் புழங்கும் பயணத்தில் இயந்திரங்களையும் வாணவேடிக்கைகளையும் கொட்டியிருக்கலாம். இவர்கள் நாடகக்காரர்களைப் போல யோசித்தார்கள். ஒரு திரை, ஒரு விளக்கு, ஒரு நிழல். பல காட்சிகளுக்கு இவையே போதுமானதாக இருந்தன.

‘கவுண்ட் மீ அவுட்’ பாட்டில் அவர் வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கிறார். அவருடைய நிழல் பிரம்மாண்டமாகத் திரையில் விழுகிறது. உற்றுப் பார்த்தால் நிழலின் முதுகில் அம்புகள் தைத்திருக்கின்றன. ஆளின் முதுகில் ஒன்றும் இல்லை. அவர் நடக்க, அம்பு தைத்த நிழலும் நடக்கிறது. ‘மனக்காயம் வெளியே தெரியாது’ என்று ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒரே பார்வையில் புரியும்படி அதைக் காட்டிவிட்டார்கள்.

நீண்ட நடைபாதை ஒன்று மேடையிலிருந்து அரங்கின் நடுப்பகுதிவரை போகிறது. அதன் முனையில் இன்னொரு சிறு மேடை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இறங்கி அவரை மூடிக்கொள்கிறது. உள்ளே தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை அணிந்தவர்கள். கோவிட் காலத்தில் மருத்துவமனைகளில் நாம் எல்லோரும் பார்த்துப் பயந்த அதே உடை. அவருக்குச் சோதனை நடக்கிறது. தொற்றுக்கு ஆளாகிவிட்டதாக ஹெலன் மிர்ரனின் குரல் அறிவிக்கிறது. அந்தப் பெட்டிக்குள் அடைபட்ட நிலையில்தான் ‘ஆல்ரைட்’ பாடுகிறார்.

இதன் பொருள் புரிய ஒரு பின்கதை வேண்டும். 2015 ஜூலையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், கறுப்பின உரிமை அமைப்புகளின் மாநாட்டுக்கு வந்தவர்கள் போலீஸின் முன்னால் இந்தப் பாட்டைக் கூட்டமாகப் பாடினார்கள். அன்று முதல் அது வீதிப் போராட்டங்களின் கீதமாகிவிட்டது. அப்படியொரு பாட்டை எழுதியவர் அதைப் பாடும்போது தனிமைப்படுத்தப்பட்டுப் பெட்டிக்குள் இருக்கிறார். வெளியே 20,000 பேர் அவருக்காகப் பாடுகிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று மற்றவர்களுக்கு நம்பிக்கை கொடுத்தவருக்கு அன்று கூட்டம் அதைத் திருப்பிக் கொடுத்தது. பெட்டி அவரோடு மேலே உயர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவர்கள் கைபேசிகளைத் தாழ்த்திவிட்டு வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் வாயில் யாருடைய சொல்?

கூட்டம் பாடுவது என்பது கென்ட்ரிக்கின் நிகழ்ச்சிகளில் ஓர் அலங்காரம் அல்ல. 2017 ‘டேம்’ பயணத்திலேயே இதைச் செய்து பார்த்தார். ‘ஹம்பிள்’ பாட்டின்போது இசை நின்றுவிடும். அவர் மைக்கைத் தாழ்த்தி அசையாமல் நிற்பார். அரங்கம் ஒரு சொல் தவறாமல் முழுச் சரணத்தையும் பாடி முடிக்கும். பணிவைப் பற்றிய பாட்டில் பாடகர் வாய்மூடி நிற்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் அப்படிப் பாடும்போது ஒரு சங்கடமும் உண்டு. கறுப்பின மக்களை இழிவுபடுத்த வெள்ளையர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய வசைச்சொல்லைக் கறுப்பினக் கலைஞர்கள் தங்களுக்குள் உரிமையோடு புழங்கும் சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். கென்ட்ரிக்கின் பாட்டுகளில் அந்தச் சொல் நிறைய வரும். 2018 மே மாதம் அலபாமாவில் நடந்த ஹேங்அவுட் விழாவில் அவர் ஒரு வெள்ளை இனப் பெண் ரசிகையை மேடைக்கு அழைத்துத் தன்னோடு பாடச் சொன்னார். அந்த ரசிகை அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாட, கென்ட்ரிக் பாட்டை நிறுத்தி அதை விட்டுவிட்டுப் பாடும்படி சொன்னார். உலகம் முழுக்க அது விவாதமானது.

நான்கு ஆண்டு கழித்து ‘மிஸ்டர் மோரால்’ ஆல்பத்தின் ‘ஆன்ட்டி டைரீஸ்’ பாட்டில் அதே சம்பவத்துக்குத் திரும்பி வருகிறார். தன் குடும்பத்தில் பாலினம் மாறிய இருவரைப் பற்றிய பாட்டு அது. சிறுவயதில் தானும் நண்பர்களும் பால்புதுமையினரைக் கேலி செய்யும் வசைச்சொல்லைச் சர்வசாதாரணமாகப் பேசியதை அதில் ஒப்புக்கொள்கிறார். அந்த ரசிகையை நிறுத்திய நீ, இந்தச் சொல்லை மட்டும் எப்படிப் பேசலாம் என்ற கேள்வி கடைசியில் அவர்மீதே திரும்புகிறது. வேறு எவராக இருந்தாலும் தான் நியாயமாக நடந்துகொண்ட ஒரு தருணத்தைச் சான்றிதழாக மாட்டிவைத்துக்கொள்வார். இவர் அதைத் தனக்கெதிரான சாட்சியமாக ஆக்கினார். இவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

பாடாமல் விட்டவை

‘ஆன்ட்டி டைரீஸ்’ பாட்டை அவர் பாரிஸில் பாடவில்லை. ஆல்பத்தின் உச்சமான ‘மதர் ஐ சோபர்’ பாட்டையும் பாடவில்லை. போர்டிஸ்ஹெட் குழுவின் பெத் கிப்பன்ஸ் குரல் கொடுத்த பாட்டு அது. தன் அம்மாவுக்கு நேர்ந்த வன்முறை, சிறுவயதில் தன்னிடம் துருவித் துருவிக் கேட்கப்பட்ட கேள்விகள், குடும்பங்களுக்குள் வழிவழியாக மறைக்கப்படும் பாலியல் கொடுமை, தன் துணைவி விட்னிக்குத் தான் செய்த துரோகம் என்று எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொல்லும் பாட்டு.

பட்டியலில் அது இல்லாததில் எனக்கு வருத்தம் இருந்தது. யோசித்தால், அதுவே சரி என்று படுகிறது. கோப்பைகள் உயரும் கூட்டத்தில், அடுத்த பாட்டுக்காகப் பரபரக்கும் அரங்கில், தன் தாயின் வலியை ஊருக்கு ஊர் தினம் ஒரு தடவை எடுத்துப் பரிமாறினால் அந்த வலி தேய்ந்து வெறும் நிகழ்ச்சி நிரலாகிவிடும். தன் குறையைச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. தனக்கு வேண்டியவர்களின் காயத்தை எத்தனை முறை காட்டலாம் என்பதில் நிதானம் வேண்டும். ஒப்புக்கொள்ளுதலுக்கும் விளம்பரத்துக்கும் இடையே கோடு போடுவது அந்த நிதானம்தான்.

அவர் எல்லாக் கோடுகளையும் சரியாகப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். பாலியல் வன்முறையின் தழும்புகளைப் பற்றிப் பேசும் இதே ஆல்பத்தில் ராப் பாடகர் கோடாக் பிளாக்குக்கு முக்கியமான இடம் கொடுத்திருக்கிறார். பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் தொடங்கிய ஒரு வழக்கில், 2021இல் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் கோடாக் பிளாக். காயப்பட்டவர்கள்தான் காயப்படுத்துகிறார்கள், அவர்களையும் ஒதுக்கக் கூடாது என்பது கென்ட்ரிக்கின் வாதமாக இருக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்களின் பக்கத்திலிருந்து கேட்டால் அந்த வாதம் நிற்காது. ‘ஆன்ட்டி டைரீஸ்’ பாட்டிலும் வசைச்சொல்லையும் பாலினம் மாறியவரின் பழைய பெயரையும் அப்படியே பயன்படுத்தியது பால்புதுமையினரில் பலரைப் புண்படுத்தியது. இந்த விமர்சனங்கள் நியாயமானவை. தன்னை விசாரிக்கிறேன் என்று சொல்லும் கலைஞரை மற்றவர்களும் விசாரிப்பார்கள். அதற்கு அவர் உடன்பட்டுத்தான் மேடை ஏறுகிறார்.

முள்முடியும் ரட்சகனும்

‘மிஸ்டர் மோரால்’ ஆல்பத்தின் அட்டைப்படத்தில் கென்ட்ரிக் முள்முடியோடு நிற்கிறார். கையில் மகள். பின்னால் கட்டிலில் விட்னி, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். கென்ட்ரிக்கின் இடுப்பில் துப்பாக்கி. குடும்பஸ்தன், கிறிஸ்து, காம்ப்டன் பையன் மூவரும் ஒரே அறையில்!

2022 ஜூன் 26 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் அதே முள்முடியோடு வந்தார். டிஃபனி நிறுவனம் வைரம் பதித்துச் செய்த முடி. ‘சேவியர்’ பாட்டில் அந்த முடியின் கீழிருந்து ரத்தம் போலச் சிவப்பு நீர் வழிந்து முகத்தையும் சட்டையையும் நனைத்தது. கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பறித்து அப்போது இரண்டே நாள் ஆகியிருந்தது. பெண்களின் உரிமைக்காக ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்ப, குரல் உயர உயரச் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே போட்டுப் போய்விட்டார்.

முள்முடி சூடிய மனிதன் பாடும் அந்தப் பாட்டின் சாரம், யாரும் என்னை ரட்சகனாக ஆக்காதீர்கள் என்பதுதான். பாடகர்களையும் விளையாட்டு வீரர்களையும் சிந்தனைக்காக நாடலாம், மீட்புக்காக நாடக் கூடாது என்கிறார். 2020இல் ஏன் பேசவில்லை என்று கேட்டவர்களுக்கும் அவர் சொல்லும் பதில் இதில் அடக்கம். பாரிஸில் நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டும் அதுவே. பெரிய கலைஞர்கள் விடைபெறும்போது மேடையின் விளிம்புக்கு வந்து கைகூப்பி, கைதட்டலை வாங்கிக்கொண்டு போவார்கள். கென்ட்ரிக் நின்ற பகுதியோ மெல்லக் கீழிறங்கி மேடைக்குள் அமிழ்ந்தது. சுமார் ஒன்றரை மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியேறினோம்.

அதன் பிறகு

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024இல் ராப் பாடகர் டிரேக்கோடு மூண்ட மோதல், மே மாதம் வந்த ‘நாட் லைக் அஸ்’, ஜூன் 19 அன்று இங்கிள்வுட் அரங்கில் அதே பாட்டை ஐந்து முறை பாடிய சொந்த ஊர்க் கொண்டாட்டம், 2025 பிப்ரவரி 2 அன்று அந்த ஒரே பாட்டுக்கு ஐந்து கிராமி விருதுகள், ஒரு வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை மேடை. அந்த இடைவேளை நிகழ்ச்சியை அமெரிக்காவில் சராசரியாக 13.35 கோடிப் பேர் பார்த்தார்கள்.

அகம் பார்த்தவர் மறுபடியும் மார்தட்டப் போய்விட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. எதிராளியை வீழ்த்தும் பாட்டில் இரக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த மேடைகளைக் கவனித்தால் பாரிஸின் நாடகம் தொடர்வது தெரியும். சூப்பர் பவுலில் நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் அமெரிக்க தேசத்தின் உருவகமான ‘அங்கிள் சாம்’ வேடத்தில் வந்து, சத்தம் அதிகம், அடக்கி வாசி என்று அவரைக் கண்டித்துக்கொண்டே இருந்தார். 2025இல் பாடகி சிஸாவோடு போன ‘கிராண்ட் நேஷனல்’ பயணத்தில், வழக்கறிஞர் முன் வாக்குமூலம் கொடுப்பது போன்ற காணொளிகள் பாட்டுகளுக்கு நடுவே வந்தன. முதலில் மனநல ஆலோசகர், பிறகு தேசம், பிறகு சட்டம். மேடை எவ்வளவு பெரிதானாலும், தன்னைக் கேள்வி கேட்க ஒருவரை அவர் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார். புகழின் உச்சியில் நின்று இதைச் செய்யும் கலைஞர் இன்று அரிது.

உங்களுக்கு ஒரு வார்த்தை

ராப் என்றால் இரைச்சல் என்று ஒதுக்கியிருப்பவர்கள் ‘குட் கிட், மேட் சிட்டி’யில் தொடங்குங்கள். கதையாகக் கேட்கலாம். பிறகு ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’. ‘மிஸ்டர் மோரால்’ கடைசியில் வரட்டும். அவசரமில்லாத ஒரு மாலையில், வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து வரிசை மாறாமல் கேளுங்கள். மொழி கரடுமுரடானது, சிறுவர்களோடு கேட்பதற்கானது அல்ல. அதன்பிறகு பாரிஸ் நிகழ்ச்சியின் பதிவைப் பாருங்கள். பொம்மையும் நிழலும் பெட்டியும் எதற்கு என்று அப்போது யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நேரில் பார்க்கும் வாய்ப்பு அமைந்தால் தவறவிடாதீர்கள். கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். தெரிந்த வரிகளை உரக்கப் பாடுங்கள். நீங்கள் சொல்லக் கூடாத சொல் வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். தன் பிழையைப் பல்லாயிரம் பேர்முன் ஒருவர் சொல்கிறார் என்றால், கேட்கிறவர் தன் பிழையைத் தன் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லலாம். அந்தப் பாட்டுகளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.